போகிக்குக் கழுவக் கூடாத டிரம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பம்ப் மாட்டுவது, குழாய் ஒட்டுவது, தார்ப்பாய்த் தொட்டியைச் சுருக்கம் விழாமல் விரிப்பது, இதையெல்லாம் என் மகன் சொல்லித் தருவான். என்னைவிடப் பொறுமையாகவே சொல்லித் தருவான். நான் முட்டி வலியால் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட ஆள். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல என்னிடம் விஷயம் ஜாஸ்தி. கேட்டுக்கொள்ளுங்கள்.

அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்ண மீன் விற்ற ஒருவரிடம் தொட்டி கழுவச் சேர்ந்தேன். இன்றைக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், எந்தக் காபிக் கடையில் கண்ணாடிக்குள் மீன் நீந்தினாலும் அது நான் வைத்த தொட்டி. வெள்ளைக்காரர்கள் அதன் எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் கண்ணைத் திறந்தால் என் வேலை தெரியுமே என்று நினைத்துக்கொள்வேன். அதோடு நிற்கவில்லை. கீழ்பென்னாத்தூர், போளூர், மலை மேலே ஜமுனாமரத்தூர் வரைக்கும் சாப்பாட்டு மீன் வளர்க்கும் தொட்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன். படித்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, "இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "தண்ணீரிடம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சும்மா ஒரு கெத்துக்குத்தான். கற்றுக்கொடுத்தது அந்த மீன் கடை முதலாளி. பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை.

நம் தொழில் என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மீன் தின்கிறது, கழிகிறது. அது தண்ணீரில் அமோனியாவாக நிற்கிறது. மீனுக்கு அதுதான் விஷம். அந்த விஷத்தைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாது. நான் அவர்களைக் குடித்தனக்காரர்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் ஒட்டிக்கொண்டு குடியிருக்க ஓர் இடம் வேண்டும். கடையில் அதற்கென்று விற்கும் சாமான் வாங்க எனக்கு ஆரம்பத்தில் வழியில்லை. பௌர்ணமி கழிந்த காலையில் கிரிவலப் பாதையில் போய்ப் பாருங்கள், தண்ணீர் பாட்டில் மூடி கோணி கோணியாகக் கிடைக்கும். அதைப் பொறுக்கி வந்து நீல டிரம்மில் நிரப்பி, தொட்டித் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிட்டேன். ஒவ்வொரு மூடியும் ஒரு வாடகை வீடு. நாள் ஆக ஆக மூடிகள் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் படியும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். அந்த அருவருப்புதான் மீனுக்கு உயிர்.

இப்போது தனத்தின் தொட்டிக்கு வருகிறேன்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தனலட்சுமி அங்கே மூன்று தார்ப்பாய்த் தொட்டிகளில் ஜிலேபி மீன் வளர்த்தாள். புருஷன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவான். வீட்டில் பெரியவர், புருஷனுடைய அண்ணன் முனுசாமி. தொட்டிகள் நின்றது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான களத்தில். முனுசாமி மல்லாட்டை காயவைக்கும் களம் அது. மல்லாட்டை என்றால் நீங்கள் டவுனில் வேர்க்கடலை என்கிறீர்களே, அதுதான். தனம் போட்ட முதல் மீன் கோடையில் கரண்டு போய் மொத்தமாகச் செத்தது. அப்போதே முனுசாமி சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு வாட்டி பார், அதுவும் போனால் தார்ப்பாயைச் சுருட்டிவிட வேண்டும். கோபமாகச் சொன்னதில்லை. அதனால்தான் மாற்றவும் முடியாது.

இரண்டாவது மீன் நன்றாக வந்தது. மார்கழிக் குளிரிலும் கொஞ்சமாகத் தின்று மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை தனம் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, மீனுங்க எல்லாம் தண்ணி விழற எடத்துல வந்து நிக்குதுங்க. வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. காலைல சிலது மெதந்துது."

"சோறு போட்டியா?"

"இன்னும் போடல."

"போடாத. நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் போடாத. உன் கண்ணீர்கூடத் தொட்டில விழக் கூடாது."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பதறும் ஆளைச் சிரிக்க வைத்துவிட்டால் அது பாதி வைத்தியம். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

நான் கிளம்பும்போது ரெஹானாவையும் கூட்டிப்போனேன். அவளை உங்களுக்குத் தெரியும், இப்போது ஆய்வு மேசை அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவள் நம்மிடம் சேர்ந்த புதிது. தேரடித் தெருப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பாத்திர வியாபாரம் பார்க்கும் வீட்டுப் பெண். மீன்வளம் படித்தவள். எல்லோரையும் போல என்னை "அண்ணே" என்று கூப்பிடாமல் "அங்கிள்" என்பாள். பழகிக்கொண்டேன்.

போய் இறங்கியதும் நான் தொட்டியைப் பார்க்கவில்லை. டிரம்மைத்தான் பார்த்தேன். மூன்று டிரம்மும் கடையில் வாங்கிய நாள் போல நீலமாக மின்னின. எட்டிப் பார்த்தேன். உள்ளே மூடிகள் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக, குழந்தை விளையாடும் சாமான் மாதிரி பளபளவென்று இருந்தன. படலம் துளிகூட இல்லை.

என் முதலாளி எனக்குச் சொன்ன ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். "மீன் செத்தா, யார் செஞ்சதுன்னு கேக்காத. இன்னா மாறிச்சுன்னு கேளு" என்பார். யார் என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். என்ன மாறியது என்று கேட்டால் ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்த மாதிரியே கேட்டேன்.

"பொங்கலுக்கு முன்னாடி இருந்ததுக்கும் இப்பைக்கும் இன்னா மாறிச்சு?"

தனம் தரையைப் பார்த்தாள். களத்து ஓரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற முனுசாமி முன்னால் வந்தார். முகத்தில் கவலையும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஒண்ணும் மாறல அண்ணே. இன்னும் சொல்லப் போனா நல்லாதான் ஆச்சு. போகி அன்னிக்கு தனம் பொங்கல் சாமான் வாங்க டவுனுக்குப் போயிடுச்சு. வீடு மொத்தம் வெள்ளையடிச்சிட்டு, இந்த டிரம்மு மட்டும் ஏன் நாத்தமா இருக்கணும்னு நான்தான் எறங்கினேன். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவெச்சு, நாரால தேய்ச்சு, மூடி ஒண்ணு ஒண்ணா வெயில்ல காயவெச்சு அடுக்கினேன். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் குடுத்த மாதிரி இந்த மீனுங்களுக்கும் கை நிறையப் பொங்கல் போட்டேன். இதுங்களும் நம்மள நம்பி இருக்கிற ஜீவன்தான?"

ரெஹானா வாயைத் திறந்தாள். "ஐயோ, அதனாலதானே..."

"பாப்பா, நீ தண்ணிய எடுத்து டெஸ்ட் போடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தனத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டு பாட்டிலை எடுத்துப் போனாள். கெட்டிக்காரப் பெண்.

முனுசாமி மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனதும் தனம் என் அருகில் வந்தாள்.

"கழுவக் கூடாதுன்னு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துது அண்ணே. சாயங்காலம் வந்து பாத்ததும் பக்குனு ஆயிடுச்சு. ஆனா மாமா இத்தினி நாள்ல மொத தடவ என் தொட்டி கிட்ட வந்தாரு. வேர்வையோட நின்னு, 'எப்படி கீது?'ன்னு கேட்டாரு. நான் இன்னா சொல்லுவேன்? நல்லா இருக்கு மாமான்னு சொல்லிட்டேன். படலம் தானா வந்துடும்னு நெனச்சேன்."

"சித்திரையா இருந்தா வந்திருக்கும். இது தை, குளிர்ல சீக்கிரம் வராது."

"அவராலதான் செத்துதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தார்ப்பாயச் சுருட்டினாலும் பரவால்ல."

கவனியுங்கள். மீன் போனால் அவளுக்கு எல்லாம் போகும். ஆனால் மீனைக் காப்பாற்ற முனுசாமியைத் தலைகுனிய வைக்க அவள் தயாராக இல்லை. நமக்கு வேலை தருகிறவர்கள் இப்படிப்பட்ட முடிச்சோடுதான் கூப்பிடுவார்கள். குழாயை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவன் பிளம்பர். நாம் பிளம்பர் இல்லை.

டெஸ்ட் தண்ணீர் கரும்பச்சையாக வந்தது. மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சை ஏற ஏற ஆபத்து. இது வாழை இலைப் பச்சை.

களத்தில் அதற்குள் இரண்டு காரியம் தயாராக இருந்தது. ஒன்று, சுண்ணாம்பு மூட்டை. உரக் கடையில் யாரோ, மீன் வாயைத் திறந்தால் சுண்ணாம்பு போடு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, விறகடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அண்டா வெந்நீர். குளிரில் மீன் விறைக்கிறது, சூடு காட்டினால் தெளியும் என்று முனுசாமியின் யோசனை.

சுண்ணாம்பை நான் நிறுத்தினேன். அமோனியா ஏறிய தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் விஷம் கூராகும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். வெந்நீரை ரெஹானா நிறுத்தினாள்.

"சூடு ஏத்தாதீங்க அங்கிள். தண்ணி சூடாச்சுன்னா இதே அமோனியா இன்னும் ஜாஸ்தி கடிக்கும். மீனும் சுறுசுறுப்பாயி இன்னும் கழியும். இப்ப இந்தக் குளிருதான் அதுங்கள உயிரோட வெச்சிருக்கு."

எனக்கு அது புதிது. ஆனால் நியாயமாகப் பட்டது. சுண்ணாம்பு ஒன்று எனக்கு, வெந்நீர் ஒன்று அவளுக்கு. கணக்கு சமம்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னேன். ஆழ்துளைப் போரிலிருந்து வரும்போது தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். சிமெண்டுத் தொட்டியில் ஆறவிட்டுத்தான் விட முடியும். மல்லாட்டைக்கும் அதே போர்தான். அதனால் அது நமக்கு நேரம் வாங்கித் தருமே தவிர, வியாதியைத் தீர்க்காது. குடித்தனக்காரர்கள் வந்தாக வேண்டும்.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்றேன். "செங்கம் ரோடு காபிக் கடைத் தொட்டில மூடி நெறைய கீது. பாதியை அள்ளிட்டு வந்துடலாம். போக வர ஒரு மத்தியானம்."

ரெஹானா தயங்கினாள். "அங்கிள், அதுல ஹீட்டர் ஓடுதே?"

அந்த ஹீட்டரை மாட்டியவனே நான்தான்.

"சூட்டுல வளந்த பாக்டீரியாவ இந்தத் தண்ணில போட்டா தூங்கிடும். பழகும், ஆனா மெதுவா. மீனுக்கு அவ்ளோ நாள் கெடையாது. தண்ணியச் சூடாக்கி எழுப்பலாம்னா, அதுக்குள்ள மீன் போயிடும். குளிர்லயே வேல செய்யற பாக்டீரியா இருக்கு. காலேஜ்ல பாத்திருக்கேன். வருஷம் பூரா குளிர்ந்த தண்ணி, ஆனா மீன் நல்லா இருக்கு, அந்த மாதிரி நம்ம தொட்டி எதாவது இருக்கா?"

கேள்வி அவளுடையது. பதில் என்னுடையது. இந்த மாவட்டத்தில் அந்தப் பதில் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், ஏனென்றால் அந்தத் தொட்டியைக் கட்டியதே நான்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஹாஸ்டல். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மீன் வளர்க்க ஒரு தொட்டி போட்டுக் கொடுத்திருந்தேன். பலா மர நிழல், ஓடைத் தண்ணீர். மே மாதத்தில் கையை விட்டாலும் சில்லென்று இருக்கும். தையில் கேட்கவே வேண்டாம். அங்கே டிரம்மில் குடியிருப்பவர்கள் வெயிலே பார்த்திராதவர்கள். அவர்களுக்குக் கீழ்பென்னாத்தூர்க் குளிர் ஒரு குளிரே இல்லை.

"மலைக்குப் போகணும்" என்றேன். "பால் கேன் வேணும், ஒரு வண்டி வேணும்."

"என் குட்டி யானை கீது. நான் வர்றேன்" என்றார் கொட்டகையிலிருந்து திரும்பியிருந்த முனுசாமி.

வேறு வண்டி கிடைக்காமல் இல்லை. ஆனால் அவர் வருவது நல்லது என்று நினைத்தேன். பதற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள்தான் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவான். அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். ரெஹானாவைத் தனத்தோடு விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

போளூர் தாண்டி மலை ஏறும்போது முனுசாமி கேட்டார், "நெசமாவே மூடி எடுக்கவா இத்தினி தூரம்?"

"மூடி இல்ல. மூடில ஒட்டிட்டு இருக்கிறது."

"அழுக்கா?"

"உசுரு."

சந்தேகமாகத் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போய், "இந்த வாட்டியும் போச்சுன்னா நான் சுருட்டிடப் போறேன் அண்ணே. களத்துக்காகச் சொல்லல. தம்பி ஊருல இல்ல. அது ஒண்டியா கருக்கல்ல எழுந்து கஷ்டப்படுறதப் பாக்க முடியல" என்றார். நான் ரோட்டைக் காட்டினேன். வளைவில் டிரைவரிடம் பேசக் கூடாது.

ஹாஸ்டலில் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் பொன்னன். மலைக்காரர். என்னைப் பார்த்ததும் தலைவரைப் பார்த்த மாதிரி ஓடி வந்தார். நான் எப்போது போனாலும் அப்படித்தான் வருவார். கருப்பட்டிக் காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். டிரம்மைத் திறந்து காட்டினார். ஆகா! பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, மண் வாசனையோடு, அப்படி ஒரு படலம். எனக்குக் கண் நிறைந்தது. முனுசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. பொன்னன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மொத்தத்தையும் எடுத்தால் தனத்தின் மீன் நிச்சயம் பிழைக்கும். ஆனால் இங்கே இருக்கும் மீன் பிள்ளைகளுடைய தட்டுக்குப் போக வேண்டியது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்றேன். "பத்தலன்னா?" என்றார் முனுசாமி. "பத்தும்" என்றேன். பத்துமா என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்து இன்னொரு வீட்டுக்குப் போடுகிற வேலையை நான் என்றைக்கும் செய்ததில்லை.

மூடிகளை அள்ளிக் கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பால் கேன்களை எடுக்க நான் வண்டிக்குப் போனேன். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால், பொன்னன் கூடையை ஓடைக் குழாய்க்குக் கீழே வைத்து, கையில் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருக்கிறார்.

கேனைக் கீழே போட்டேன். முட்டி ஓடவிடவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கூச்சல் கேட்டது.

"யோவ், கழுவாதய்யா! கழுவாத!"

முனுசாமிதான். காபி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பொன்னன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொன்னன் மிரண்டுவிட்டார். "தூர தேசத்துல இருந்து வந்திருக்கீங்க. அழுக்கா எப்படிக் குடுக்கறது? எங்க ஊரப் பத்தி இன்னா நெனைப்பீங்க? ரெண்டு தேய்ப்பு தேய்ச்சுப் பளிச்சுனு..."

"தேய்ச்சா செத்துடும்யா! அதுக்குள்ளதான் உசுரு கீது!"

சொல்லிவிட்டு முனுசாமி அப்படியே நின்றார். பொன்னனின் கையை விடவில்லை. அந்தப் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக விட்டார். கூடையைத் தானே தூக்கினார், குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்து. வண்டிக்கு வந்தார்.

பால் கேன்களில் மூடிகளை நிரப்பி, அவற்றின் தொட்டித் தண்ணீரையே தெளித்து, மேலே ஈரக் கோணியைப் போட்டோம். கேனை இறுக்கி மூடவில்லை. அவர்களுக்கும் மூச்சு வேண்டும். வெயில் படாமல் ஒரு தார்ப்பாயைக் கூரை மாதிரி முனுசாமியே கட்டினார்.

இறங்கும்போது வண்டி நடக்கிற வேகத்தில்தான் வந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "இன்னாய்யா, பொண்ணு மாப்ள ஊர்வலமா?" என்று கண்டக்டர் கத்திக்கொண்டு தாண்டிப் போனார். முனுசாமி கண்டுகொள்ளவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் கேட்டார்.

"போகி அன்னிக்கு நான்தான தேய்ச்சேன்."

"ஆமா."

"உங்களுக்கு வந்ததுமே தெரியுமா?"

"டிரம்மப் பாத்ததுமே தெரிஞ்சுது."

"அந்தப் பொண்ணு, ரெஹானா?"

"தெரியும்."

இன்னும் ஒரு வளைவு போயிற்று.

"தனத்துக்கு?"

நான் பொய் சொல்வதில்லை. பொய் சொன்னால் யாரிடம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை.

"அதுக்குத்தான் மொதல்ல தெரியும். போகி சாயங்காலமே."

முனுசாமி வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு மாமான்னு சொல்லிச்சே அண்ணே."

நான் ஆறுதல் சொல்லவில்லை. சில இடத்தில் நம் வாய் சும்மா இருப்பதுதான் வேலை. "கேன் சூடாவுது" என்று மட்டும் சொன்னேன். உடனே வண்டியை எடுத்தார். போளூரில் டீ குடிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "அப்புறம் குடிக்கலாம், அதுங்க உள்ள கீதுங்க" என்றார்.

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தோம். இன்னும் சில மீன்கள் போயிருந்தன. மீதி எல்லாம் தண்ணீர் விழும் இடத்தில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. தனம் அண்டாவை எப்போதோ கவிழ்த்துவிட்டிருந்தாள். ரெஹானா புடவைத் தலைப்பு மாதிரி துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று டிரம்முக்கும் மலை மூடிகளைப் பங்கு போட்டோம். பம்பை ஓடவிட்டோம். அவ்வளவுதான். அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை.

தொழிலில் கஷ்டமான இடம் இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செய்வதை எல்லாம் செய்து முடித்தபின் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருப்பது. மறுநாள் நான் போனபோது டெஸ்ட் தண்ணீர் அதே பச்சை. மீனுக்கு எதையாவது கரைத்து ஊற்றலாமா என்று தனம் கேட்டாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் தூளோடே வந்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்பியது நானில்லை, முனுசாமி. தொட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் போடக் கூடாது. குடி வந்தவங்க இப்பதான் சாமான இறக்கி வெக்கிறாங்க" என்று அவருக்குச் சொன்னார். நான் சொன்ன பேச்சையே எனக்கு முன்னால் சொல்கிறார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கும் அடுத்த நாள் ரெஹானா டெஸ்ட் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொறைஞ்சுதா?" என்றாள் தனம்.

"கொறையல."

தனத்தின் முகம் விழுந்தது.

"ஏறவும் இல்லக்கா" என்றாள் ரெஹானா. "மீன் கழியுது, தண்ணி நேத்துல இருந்து மாத்தல, அப்பவும் ஏறல. யாரோ தின்றாங்க."

அந்தப் பெண் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். குளிரில் ஊரே போர்வைக்குள் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத மலைக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிறகு பச்சை இளம்பச்சை ஆனது. மீன் தண்ணீர் விழும் இடத்தை விட்டுத் தொட்டி நடுவுக்குப் போனது. தையின் கடைசியில் தனம் முதல் முறையாக ஒரு கைப்பிடித் தீவனம் போட்டாள். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் எழும்பி வந்து தின்றன. டெஸ்ட் தண்ணீர் மஞ்சளாக நின்றது. போனது கொஞ்சம்தான், நின்றதுதான் ஜாஸ்தி.

முனுசாமி தனத்திடம் மன்னிப்பு ஏதும் கேட்டதாகத் தெரியவில்லை. தனமும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் மல்லாட்டை பிடுங்கிய சமயம் நான் அந்தப் பக்கம் போனேன். தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு முனுசாமியின் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. களம் தொட்டிகளுக்கு. கல்லை வரிசையாக வைத்து, போகிற வண்டிக்காரர்களிடம் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வீட்டுல அதுங்கள பாத்துட்டுப் போங்க" என்றார்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, பாக்டீரியாவைப் பற்றி என்னைவிட ரெஹானாவுக்குத் தெரியும். அவளைக் கேளுங்கள். மனுஷரைப் பற்றி என்னைக் கேளுங்கள். ஒரு தொட்டியில் நடந்த தப்புக்கு ஆள் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஆளே அடுத்த வருஷம் அந்தத் தொட்டிக்குக் காவல் நிற்கிற மாதிரி செய்துவிட்டு வருவதுதான் வேலை.

அடுத்த போகிக்கு நானே போய்ப் பார்த்தேன். வீடு மொத்தம் வெள்ளையடித்து, சட்டி பானை முதல் ஏர்க் கலப்பை வரை கழுவிக் களத்தில் கவிழ்த்திருந்தார்கள். அந்த வெள்ளை வெளேர் நடுவில் மூன்று டிரம்மும் பழுப்பேறி, ஓரமெல்லாம் பாசி வழிய நின்றன. முனுசாமியின் பெண்சாதி கையில் தென்னை நாரோடு ஒரு டிரம் பக்கம் போனாள்.

"ஊருல இருக்கிற எல்லாம் குளிச்சாச்சு. இது ஒண்ணுதான் தை பொறக்கறப்பவும் இந்தக் கோலத்துல நிக்குது. வெளியாலயாவது ஒரு தேய்ப்பு..."

கூரையில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த முனுசாமி ஏணியிலிருந்து இறங்காமலேயே குரல் கொடுத்தார்.

"நார கீழ போடு. உள்ள ஆளுங்க கீறாங்க."